சென்ட் லோரன்ட் வீட்டுக்கு எடுத்த ரெலிபோன்

"உன்னுடைய போனிலேயே எடு," என்றாள் குளோரியா. "பெயரை முழுசாகச் சொல். மற்றதெல்லாம் தானாக நடக்கும்."

தொழிற்சாலையின் கார்த் தரிப்பிடத்தில் இருந்தோம். பனி உருகிக் கறுத்து, ஓரங்களில் குவிந்து கிடந்தது. வேலை முடிந்து வந்த எங்கள் உடுப்பில் மருந்துத் தூளின் கசப்பு மணம். பின்சீற்றில் குளோரியாவின் மகள் ரெனே இருந்தாள். அவளுடைய மடியில் அவளின் பெண் குழந்தை, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நித்திரையாகிப் போயிருந்தது.

குளோரியா நம்பரைச் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். மறுமுனையில் ஒரு ஆண் குரல் பிரெஞ்சில், "வுய், ஆலோ?" என்றது.

பெயரைச் சொன்னேன். மரிய ஜெசிந்தா என்பது என் ஞானஸ்நானப் பெயர். வேலையிடத்திலும் வங்கியிலும் அதுதான். எங்கள் சனத்துக்கு நான் ராணி.

"தமிழோ? ஓம் தங்கச்சி, சொல்லுங்கோ."

"சென்ட் லோரன்ட் பகுதியில வாடகைக்குப் போட்டிருந்த நாலரை வீடு இன்னும் இருக்கோ?"

"இருக்கு, இருக்கு. ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. நாளைக்கே வந்து பாருங்கோ. எங்கட ஆக்களுக்குக் குடுக்கத்தான் எனக்கும் விருப்பம்."

"பேந்து எடுக்கிறன் அண்ணை," என்று வைத்துவிட்டேன்.

மொன்றியலுக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வீட்டை அறை எண்ணித்தான் சொல்வார்கள். குளியலறை அரைக் கணக்கு. நாலரை என்றால் இரண்டு படுக்கையறை, ஒரு இருக்கும் அறை, குசினி, அந்த அரை. ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் தாராளமாகக் காணும்.

"என்ன சொன்னான்?" என்று குளோரியா கேட்டாள்.

"வீடு இருக்காம். நாளைக்கு வரட்டாம்."

"கடைசியில் இன்னும் ஏதோ சொன்னானே."

"தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கத்தான் விருப்பமாம்."

முந்தின நாள் ரெனே அதே நம்பருக்கு எடுத்திருந்தாள். அவளுடைய பிரெஞ்சு இந்த ஊரில் பிறந்து படித்தவளின் பிரெஞ்சு. அந்தக் குரலைக் கேட்டு வீட்டுக்காரர், உடனே வாருங்கள் என்றிருக்கிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றவளைப் பார்த்ததும், மன்னிக்கவேண்டும், காலையில்தான் ஒருவருக்குக் கொடுத்தோம் என்றிருக்கிறார்.

குளோரியா காரை எடுக்கத் திறப்பைத் திருப்பினாள். நான் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அந்த ஆளை எனக்குத் தெரியும்," என்றேன். "புஷ்பத்தின் கணவர்."

ஒவ்வொரு வருடமும் எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளில் மைக்கைப் பிடித்து, வழியை மறித்து நிற்கும் காரின் உரிமையாளர் உடனே வரவும் என்று அறிவிக்கிற குரல் அது. அந்தக் குரலில் எனக்குப் பிழை வராது.

எந்த நாடு?

புஷ்பம் அக்காவைப் பற்றி இந்தத் தொடரில் முன்பும் எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஆள். எனக்கு முன்பே இந்த மருந்துத் தொழிற்சாலைக்கு வந்து, எனக்கும் வேலை எடுத்துத் தந்தவ. குளிசை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற அதே வரிசையில் நாங்கள் மூவரும் நின்றோம்: புஷ்பம் அக்கா, நான், குளோரியா.

குளோரியா வேலைக்கு வந்த முதல் நாளே புஷ்பம் அக்கா அவளிடம் எந்த நாடு என்று கேட்டா. எங்கள் வாயில் முதலில் வருகிற கேள்வி அதுதான்.

"இந்த நாடு," என்றாள் குளோரியா.

"அது தெரியும். அதுக்கு முன்னால்?"

"அதுக்கு முன்னால் இதே ஊரில் சென்ட் அந்துவான் வீதி. என் அப்பாவும் அங்கேதான் பிறந்தார்."

புஷ்பம் அக்கா என் பக்கம் திரும்பி, "இவ மறைக்கிறா," என்றா.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் எங்களுக்கு அப்போது அது விளங்கவில்லை. வெள்ளையர் என்றால் ஊர்க்காரர், மற்றவர்கள் எல்லோரும் எங்களைப் போல் விமானத்தில் வந்து இறங்கியவர்கள் என்றுதான் நினைத்திருந்தோம்.

குளோரியா கார் வைத்திருந்தாள். நான் கோட் தே நேஜில் இருக்கிறேன், அது அவள் போகிற வழி. அப்படித்தான் மாலையில் அவளோடு வரத் தொடங்கினேன். அவளோடு நான் கதைப்பது உடைந்த ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதும்போது அது அழகாகத் தெரிந்தால், அதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை.

ஒரு சொல்

சாப்பாட்டு அறையில் எங்கள் பெண்கள் ஒரு நீள மேசையைப் பிடித்து இருப்பார்கள். அங்கே குளோரியாவுக்கு ஒரு பெயர் இருந்தது. கறுவல். "கறுவலிட்டைக் கேள்," "கறுவல் இண்டைக்கு வரேல்லை." யாரும் கோபத்தில் சொல்வதில்லை. உப்பைத் தா என்பதுபோலச் சொல்வார்கள்.

என் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. காரணம் என் நற்குணம் இல்லை. மன்னாரில் எங்கள் வீட்டில் அந்தச் சொல் எனக்கு உரியதாக இருந்தது. நான் வீட்டில் கறுப்பி, பள்ளிக்கூடத்தில் கறுவல். கலியாணம் பேசியபோது ஸ்ரூடியோக்காரர் என் முகத்தில் அப்பிய பவுடரைக் கழுத்துக்குப் பூச மறந்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் கணவர் அன்ரன் சம்மதித்தார். கழுத்தைப் பார்த்தே முகத்தின் நிறம் தெரிந்துவிட்டது என்று பிறகு சொன்னார். அவருக்கு அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அவருடைய தாய்க்கு இருந்தது.

ஒரு மத்தியானம் குளோரியா தன் சூப்பைச் சூடாக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தாள். "கறுவல் என்றால் என்ன?" என்று கேட்டாள். சொல்லை அவ்வளவு துப்புரவாக உச்சரித்தாள்.

புஷ்பம் அக்கா முந்திக்கொண்டு, "சிநேகிதி என்று அர்த்தம்," என்றா.

குளோரியா என்னைப் பார்த்தாள்.

"கறுப்பு நிற ஆள் என்று அர்த்தம்," என்றேன். "நல்லதுக்குச் சொல்கிற சொல் இல்லை. என்னையும் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்."

"உன்னையா?"

"ஓம். என்னைத்தான்."

அவள் என் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு சூப்பைக் குடித்தாள். அன்று மாலை காரில் வரும்போது அதைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டாள். "உன் அம்மாவும் அப்படிக் கூப்பிட்டாவா?" ஓம் என்றேன். அவள் தலையாட்டினாள்.

அந்த நாளுக்குப் பிறகு மேசையில் அந்தச் சொல் நின்றுவிட்டது. குளோரியா "அந்த மனுசி" ஆனாள். என்னோடு இரண்டு பேர் சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குளோரியா எனக்கு வேறு விதமாகச் சிநேகிதியானது அதற்குப் பிறகுதான்.

பெப்ரவரி மாதத்து மண்டபம்

பெப்ரவரியில் கறுப்பின மக்களின் வரலாற்றை நினைவுகூருகிற வழக்கம் இங்கே உண்டு. அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு, குளோரியா என்னைத் தன் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். சின்ன பர்கண்டி என்கிற பகுதி. சுவர் முழுக்கப் பழைய படங்கள். மேசையில் மீன் பொரியலும் சோறும். மிளகாய்ச் சோஸ் எங்கள் ஆட்களுக்கே உறைக்கும்.

ஒரு படத்தில் வெள்ளைச் சட்டை போட்ட மெல்லிய மனிதர் ஒருவர் ரயில் பெட்டியின் படியருகே நின்றார். குளோரியாவின் அப்பா. படுக்கை வசதி உள்ள ரயில்களில் பயணிகளுக்குக் கட்டில் விரித்து, சப்பாத்து மினுக்கி, பெட்டி தூக்குகிற வேலை. அந்த நாளில் கறுப்பின ஆண்களுக்கு இந்த நகரத்தில் கிடைத்த வேலைகளில் நல்லது அதுதானாம். ஸ்ரேசனுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் அந்தப் பகுதியில் குடியிருந்தார்கள்.

"பயணிகள் எல்லோரும் அவரை ஜோர்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள்," என்றாள்.

"அது அவருடைய பேர்தானே?"

"இல்லை. அவர் பேர் ஏர்ணஸ்ட். அந்த வேலையில் இருந்த எல்லோரும் ஜோர்ஜ்தான். கேட்டு அறிகிற அக்கறை அவர்களுக்கு இல்லை."

பிறகு வெளியே கூட்டிப்போய் வீடு இருந்த இடத்தைக் காட்டினாள். அங்கே வீடு இல்லை. பெருந்தெரு போட்டபோது அந்த வரிசையை முழுக்க இடித்துவிட்டார்கள். நாங்கள் நின்ற இடத்துக்குக் கீழே கார்கள் போய்க்கொண்டிருந்தன. நான் அந்தத் தெருவால் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருவருடைய குசினி இருந்த இடத்தால் போகிறேன் என்று தெரியாமல்.

மண்டபத்தில் ஒரு முதியவர் எழுந்து, இதே மொன்றியலில் மனிதரை விலைக்கு வாங்கி வைத்திருந்த காலம் பற்றிச் சொன்னார். பிரெஞ்சுக்காரரும் வைத்திருந்தார்கள், பிறகு ஆங்கிலேயரும். நான் அதை அமெரிக்காவின் கதை என்றுதான் நினைத்திருந்தேன். குளோரியாவிடம் சொன்னபோது, "நானும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை," என்றாள்.

லவாலில் ஒரு ஞாயிறு

திரும்பவும் அந்தக் காருக்கு வருகிறேன்.

புஷ்பத்தின் கணவர் என்றதும் குளோரியா காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "ரெனே மனித உரிமை அலுவலகத்தில் முறைப்பாடு செய்யப் போகிறாள். அவன் உன்னிடம் சொன்னதை நீ அங்கே சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் இப்போதே சொல். எனக்குக் கோபம் வராது."

அது உண்மையாக இருக்காது. ஆனாலும் சொன்னாள்.

ஒரு நாள் தவணை கேட்டேன். புஷ்பம் அக்காவின் கணவரை இங்கே செல்வராசா அண்ணை என்று வைத்துக்கொள்வோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்ரனுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒவ்வொரு மாலையும் ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருந்து வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனவர். ஒரு நாளும் முகம் சுழித்ததில்லை. அவருக்கு எதிராகத்தான் நான் சாட்சி சொல்ல வேண்டும்.

அன்ரனிடம் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். "ஊரில சாதி பாத்துத்தான் கிணத்தடிக்கு விட்டவை," என்றார். "இஞ்ச வந்து நிறத்தைப் பாக்கினம். நீ கேட்டதைச் சொல்லு. ஆனா முதல்ல அவரிட்டப் போய்ச் சொல்லிப்போட்டுச் சொல்லுவம். பின்னால நிண்டு செய்யக் கூடாது."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து இருவரும் லவாலுக்குப் போனோம். புஷ்பம் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. நான் நேரே சொன்னேன்.

"அண்ணை, உங்களுக்கு வெள்ளிக்கிழமை ரெலிபோன் எடுத்த ஜெசிந்தா நான்தான். அதுக்கு முதல்நாள் ஒரு பிள்ளையோட வந்த பொம்பிளைக்கு வீடு குடுத்தாச்சு எண்டு சொன்னனீங்கள். அவ குளோரியாவின்ர மகள்."

செல்வராசா அண்ணை தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாது பிள்ளை."

"தெரிஞ்சிருந்தாக் குடுத்திருப்பியளோ?"

புஷ்பம் அக்காதான் கதைத்தா.

"ராணி, கீழ் வீட்டில எங்கட ஆக்கள் இருக்கினம். அவை எழும்பிப் போனா ஆர் பொறுப்பு? எங்களுக்கும் இஞ்ச வந்த புதுசில கதவைச் சாத்தினவைதான். வாடகைக்கு எண்டு எழுதின மட்டை, குடுத்தாச்சு எண்டு சொன்ன வீட்டு ஜன்னல்ல கோடை முழுக்கத் தொங்கினது. நாங்கள் ஆரிட்டயும் முறைப்பாடு குடுத்தனாங்களோ? பொறுத்துக்கொண்டு போனம்."

"பொறுத்தது சரி எண்டு நினைக்கிறியளோ அக்கா?"

"சரி பிழை எனக்குத் தெரியாது. வேற வழி இருக்கேல்லை."

"இவைக்கு வழி இருக்கு. என்னைச் சாட்சிக்குக் கேட்டிருக்கினம். நான் போறன்."

செல்வராசா அண்ணை அன்ரனைப் பார்த்தார். "நீர் என்ன சொல்லுறீர்?"

"மனுசி கேட்டதைத்தான் சொல்லப்போகுது அண்ணை," என்றார் அன்ரன். "கூட்டியும் சொல்லாது, குறைச்சும் சொல்லாது."

வாசலில் எங்களை வழியனுப்ப யாரும் வரவில்லை. அந்த வீட்டில் அது முதல் தடவை.

அந்த வருடத் திருநாளுக்குச் சமையலுக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஆட்கள் காணும் என்றார்கள். சாப்பாட்டு அறையில் புஷ்பம் அக்கா என்னை விட்டு மேசையின் மறு தலைப்புக்குப் போனா. நான் குளோரியாவோடு ஜன்னலோரச் சின்ன மேசைக்கு வந்தேன். வரிசையில் மட்டும் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். குளிசைப் பெட்டி கைமாறும், பேச்சு கைமாறாது.

இதையெல்லாம் எழுதலாமோ என்று போன மாதம் புஷ்பம் அக்காவிடமும் ரெனேயிடமும் கேட்டேன். பேரை மாத்திப்போட்டு எழுது என்றா புஷ்பம் அக்கா. மாற்றியிருக்கிறேன்.

அந்த அறையில்

முறைப்பாடுகளை விசாரிக்கிற அலுவலகத்தில், வழக்குக்கு முன் இரண்டு பகுதியும் விரும்பினால் ஒரு மேசையில் இருந்து கதைத்துப் பார்க்கலாம். இலையுதிர்காலம் வரை இழுபட்டுத்தான் அந்த நாள் வந்தது. அதற்குள் ரெனே லஷீனில் வேறு வீடு எடுத்துப் போய்விட்டாள். சென்ட் லோரன்ட் வீட்டுக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் வந்துவிட்டது. இரண்டு பகுதியும் சம்மதித்ததால் என்னையும் குளோரியாவையும் உள்ளே இருக்க விட்டார்கள்.

செல்வராசா அண்ணை கோயிலுக்குப் போடுகிற கோட்டுடன் வந்திருந்தார். பக்கத்தில் புஷ்பம் அக்கா. நடுவர் ஒரு இளம் பெண். என்னிடம் கேட்டா, நான் சொன்னேன். ரெலிபோனில் கேட்டதை முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்.

செல்வராசா அண்ணை மறுக்கவில்லை. மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன்.

ரெனே ஆங்கிலத்தில் நேரே அவரிடம் கேட்டாள். "என்னைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன நடந்தது?"

அவர் யோசித்தார். "பயம் வந்தது," என்றார்.

"என்ன பயம்? நான் பிள்ளையோடு நின்றேன்."

"தெரியாது. ஆக்கள் சொல்லிக் கேட்ட கதைகள். நான் கண்டது ஒன்றும் இல்லை."

"நானும் பயத்தோடுதான் வந்தேன்," என்றாள் ரெனே. "படியேறும்போதே, இந்த ஆள் என்ன சொல்லப்போகிறாரோ என்று. ஒவ்வொரு வீட்டுப் படியிலும் அப்படித்தான். அன்றைக்கு நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குப் போய், ஒருவேளை உண்மையாக இருக்குமோ, நான்தான் பிழையாக நினைக்கிறேனோ என்று யோசித்தேன். அதுதான் கூடக் கஷ்டம்."

புஷ்பம் அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தா. செல்வராசா அண்ணை எழுந்து நின்றார். யாரும் அவரை எழும்பச் சொல்லவில்லை.

"வீடு காலியாகத்தான் இருந்தது," என்றார். "நான் பொய் சொன்னேன். நீங்கள் நினைத்தது சரி. மன்னித்துக்கொள்ளுங்கள்."

ரெனே அதைக் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மற்ற விஷயங்கள் அவர்களுக்கு இடையில் எழுதிக் கையெழுத்து வைத்தவை. அவை இங்கே வேண்டாம். படியிறங்கும்போது குளோரியா மகளின் தோளில் கை போட்டிருந்தாள். என்னிடம் திரும்பி, "என் அப்பாவிடம் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை," என்றாள். அதில் சந்தோசம் இருந்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜன்னலோர மேசை

சென்ட் லோரன்ட் வீட்டில் இப்போது இருப்பது ஹெயிற்றியில் இருந்து வந்த ஒரு கறுப்பினத் தாயும் இரண்டு பிள்ளைகளும். அவர்கள் வந்தது அடுத்த வருடக் கோடையில். முதலில் இருந்த தமிழ்க் குடும்பம் கர்க்லாண்டில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போக, வீடு திரும்பக் காலியானது.

அந்தக் கோடைக்கு முந்தின வசந்தத்தில் ஒரு மத்தியானம், புஷ்பம் அக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியோடு எங்கள் சின்ன மேசைக்கு வந்தா. கேட்காமலே கதிரையை இழுத்து, குளோரியாவுக்கு எதிரே இருந்தா. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தா.

"வீடு காலியாகுது," என்றா என்னிடம். "இந்த முறை ரெலிபோனை நான்தான் எடுக்கப்போறன். இவர் எடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

பிறகு குளோரியாவைப் பார்த்து ஆங்கிலத்தில், "எனக்குப் பிரெஞ்சு வராது," என்றா. "வீடு இருக்கா என்று கேட்டால், இருக்கு என்று எப்படிச் சொல்கிறது?"

குளோரியா கரண்டியை வைத்தாள். வாயைத் துடைத்தாள். புஷ்பம் அக்கா எழும்பாமல் காத்திருந்தா.

"சே லீப்ர்," என்றாள் குளோரியா கடைசியில்.

"சே லீபர்."

"கடைசியில் மூச்சு மட்டும். லீப்ர்."

"லீப்ர்." புஷ்பம் அக்கா கையில் ஒட்டியிருந்த சோற்றோடு, விரலை மடக்கி மடக்கிச் சொல்லிப் பார்த்தா. "இன்றைக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டால்?"

"வுய், வெனே."

"வுய், வெனே. சரி." பெட்டி மூடியைக் கையில் எடுத்தா. "ஆள் வந்து வாசலில் நின்ற பிறகு?"

குளோரியா அவவை ஒரு தரம் வடிவாகப் பார்த்தாள். "ஆன்த்ரே," என்றாள். "உள்ளே வாருங்கள் என்று அர்த்தம்."

வேலை தொடங்குகிற மணி அடித்தது. புஷ்பம் அக்கா பெட்டியை மூடி, தலைக்கு வலை போட்டுக்கொண்டு வரிசைக்கு நடந்தா. பின்னால் போன எங்கள் இருவருக்கும் கேட்டது. "ஆன்த்ரே," என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனா, "ஆன்த்ரே, ஆன்த்ரே."